ஒரு பாம்புக்கு ஒரு பெட்டி

இரண்டு பாம்புகள் பின்னிப் பிணைந்து கிடந்தால் அது காதல் என்று உலகம் நம்புகிறது. மனித குலம் நெடுங்காலமாகச் சுமந்து வரும் பிழைகளில், பூமி தட்டை என்பதற்கு அடுத்த இடத்தை நான் இதற்குத்தான் கொடுப்பேன். அது காதல் அல்ல. மல்யுத்தம். இரண்டு ஆண் பாம்புகள், யார் பெரியவர் என்று முடிவு செய்துகொள்ள, ஒன்றன் கழுத்தை ஒன்று தரையில் அழுத்தப் பார்க்கின்றன. எங்கள் சுமோ வீரர்களைப் போலத்தான். இவர்களுக்குக் கச்சை கிடையாது, அவ்வளவே. இந்த உண்மையை நான் பள்ளி ஆசிரியர் அறையில் விளக்கியிருக்கிறேன். உதோன் நூடுல்ஸ் கடை வரிசையில் நின்று விளக்கியிருக்கிறேன். ஒருமுறை திருமண விருந்தில் மணமக்களை வாழ்த்த எழுந்தபோதும் விளக்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு எங்களை யாரும் திருமணத்துக்கு அழைப்பதில்லை.

என் பெயர் மனாபே. தகாமாட்சு நகரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பழைய இலக்கணம் கற்பிக்கிறேன். அதாவது, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு யாரோ ஒரு சீமாட்டி எழுதிய வாக்கியத்தில் வினைச்சொல்லின் வால் எங்கே முடிகிறது என்பதை, மணி எப்போது அடிக்கும் என்று காத்திருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். என் மனைவி மசுயோ ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் இருக்கிறாள். வாயைத் திறக்க வைப்பதில் அந்த மருத்துவர் நிபுணர். மூட வைப்பதில் இவள்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பாம்புகள் உண்டு. ஆளுக்கு ஒன்று. சோளப் பாம்பு என்று பெயர். விஷம் கிடையாது, வாரம் ஓர் எலியோடு திருப்தியடையும், எதிர்த்துப் பேசாது. மூன்று குணங்களும் ஒரே உயிரில் சேர்வது அபூர்வம். என்னுடையது சிவப்புப் பட்டைகள் போட்ட தைஷோ. தைஷோ என்றால் தளபதி. மசுயோவுடையது யுசு. யுசு எலுமிச்சைக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. பாம்பும் அந்த நிறம்.

தைஷோ ஆண். இதில் ஐயத்துக்கு இடமே இல்லை, ஏனென்றால் வாங்கிய அன்றே நான் கடைக்காரர் ஓபயாஷியிடம் நேரடியாகக் கேட்டுவிட்டேன். "இது ஆணா, பெண்ணா?" என்றேன். அவர் வாசல் பக்கம் பார்த்தபடி, ஒரே சொல்லில், கடை அதிரச் சொன்னார்: "ஓசு!" எங்கள் மொழியில் ஓசு என்றால் ஆண். இவ்வளவு தெளிவான விடையை என் மாணவர்களிடம் நான் ஒருநாளும் வாங்கியதில்லை. யுசுவும் ஆண்தான். அதை மசுயோவே சொல்லியிருக்கிறாள். "என் பையன்" என்றுதான் அதைக் கொஞ்சுவாள்.

வீடு சிறியது. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, அப்புறம் என்னுடைய ஆறு பாய் அறை. எங்கள் ஊரில் அறையை அடியால் அளப்பதில்லை, தரையில் விரித்த பாயால் அளப்போம். அந்த ஆறு பாய்களின் மேல்தான் என் அகராதிகளும் என் மேசையும் என் மானமும் நின்றுகொண்டிருந்தன. மசுயோ அந்த அறையைப் பார்க்கும் பார்வை, பூனை மீன்கடையைப் பார்க்கும் பார்வை.

"குட்டிப் பாம்பு வளக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசைங்க" என்பாள்.

"எடம் ஏது?" என்பேன்.

அவள் ஆறு பாய் அறையைப் பார்ப்பாள். நான் எழுந்து போய் அதன் கதவை இழுத்துச் சாத்துவேன். எங்கள் இல்லறம் இப்படி இனிதே நடந்துகொண்டிருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் மசுயோ இரண்டு பாம்புப் பெட்டிகளையும் கூடத்திலிருந்து தூக்கிக் குளிரான நடைவழியில் வைத்தாள். "அதுகளுக்கும் குளிர்காலம்னா என்னன்னு தெரியட்டும்" என்றாள். எனக்கு அது கொடுமையாகப் பட்டது. ஆனால் கூடத்தில் கால் நீட்ட இடம் கிடைத்ததால் கண்டிக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு மாலை. இருவரும் கொதாட்சுக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தோம். கொதாட்சு என்பது அடியில் கணப்பும் மேலே மெத்தையுமாக இருக்கும் குட்டை மேசை. ஒரு குடும்பத்தின் கால்கள் அனைத்தும் சந்திக்கும் ஒரே இடம். மசுயோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க ஸ்கூல் வாத்தியார் சோகோ-சான் ரிடையர் ஆறாரு. அவரோட பெரிய சீன எழுத்தகராதிய எனக்கே தர்றேன்னுட்டாரு. பதிமூணு தொகுதி. அத்தனையும் ஓசி!"

"அவங்க வீட்டம்மா தூக்கிக் கடாசச் சொல்லியிருப்பாங்க."

"அறிவையா கடாசுவாங்க?"

"அறிவ இல்லைங்க. அடைசல. எங்க வைக்கப் போறீங்க?"

"என் அறைல..."

"உங்க அறைல இப்பவே நீங்க பக்கவாட்டுல நடக்கறீங்க. நண்டு மாதிரி."

அது உண்மை. கூடத்துச் சுவரலமாரிதான் மிச்சம். அது பாம்புகளின் இடம். வெயில் வந்ததும் இரண்டு பெட்டிகளும் அங்கே திரும்பிவிடும். மசுயோவும் அந்த அலமாரியைத்தான் பார்த்தாள். பிறகு ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு, தனக்குத்தானே சொல்வது போல முணுமுணுத்தாள்:

"அந்த ரெண்டு பெட்டியும் ஒண்ணா இருந்தா எவ்வளவு எடம்... சரி விடுங்க. நடக்கற காரியமா."

மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு ஓர் அற்புதமான யோசனை தோன்றியது. முழுக்க முழுக்க என் சொந்த யோசனை.

"மசுயோ! தைஷோவையும் யுசுவையும் ஒரே பெட்டில வச்சா என்ன?"

"ஐயய்யோ!" என்று அவள் நெஞ்சில் கை வைத்தாள். "சேராதுங்க. பாம்பு தனியா இருக்கற ஜென்மம்."

"யார் சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும் சொல்றதுதான் பொய்க்கு இலக்கணம்" என்றேன், வாயில் நுரையோடு. "குளிர்காலத்துல காட்டுப் பாம்புங்க ஒரே வளைக்குள்ள கும்பலாப் படுத்துத் தூங்குது, தெரியுமா? பாம்ப நம்ம முன்னோருங்க 'குச்சினாவா'ன்னாங்க. உளுத்துப் போன கயிறுன்னு அர்த்தம். கயித்த யாராவது ஒத்தக் கயிறா வைப்பாங்களா? கத்தையாத்தான் வைப்பாங்க."

"என்னங்க, பாம்புக்குக் கால் வரையாதீங்க."

தேவைக்கு மேல் பேசுகிறவனை எங்கள் ஊரில் இப்படித்தான் சொல்வார்கள். நான் பொருட்படுத்தவில்லை.

"ரெண்டும் அடிச்சுக்கிட்டா?" என்றாள்.

"ரெண்டும் ஆம்பளைங்க. ஹாஸ்டல்ல ரெண்டு பசங்க ஒரே ரூம்ல தங்கறதில்லையா?"

"ஒண்ணும் ஆகாதுங்கறீங்க?"

"ஒண்ணும் ஆகாது."

"ஏதாவது ஆச்சுன்னா?"

"நான் பொறுப்பு."

"முழுப் பொறுப்பு?"

"முழுப் பொறுப்பு!"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். திருமணமாகி இத்தனை ஆண்டுகளில் அவள் வாயிலிருந்து அந்த வாக்கியம் வருவது அதுவே முதல்முறை. நான் அதன் அழகில் மயங்கிவிட்டேன். அதன் இலக்கணத்தை ஆராயவில்லை.

ஆனால் உடனே செய்ய வேண்டாம் என்றாள். கொஞ்சம் வெயில் வரட்டும் என்றாள். செர்ரி பூத்த வாரத்தில், நடைவழியிலிருந்த பெட்டிகள் கூடத்துக்குத் திரும்பி, பாம்புகள் சுறுசுறுப்பாகி, தைஷோ தோல் உரித்து முடித்த மறுநாள், "இன்னிக்கு வைக்கலாங்க, நல்ல நாள்" என்றாள். நல்ல நாள் பார்த்துப் பாம்புகளைக் குடிவைக்கிறாளே, எவ்வளவு பழமையான மனம் என்று நெகிழ்ந்தேன்.

யுசுவைத் தூக்கி தைஷோவின் பெட்டியில் விட்டோம். காலியான இடத்தில் பதின்மூன்று தொகுதிகளும் அணிவகுத்தன. நான் முதல் தொகுதியைத் திறந்து, முகர்ந்து, மூடினேன். தைஷோ உரித்த தோலில் ஒரு துண்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். பாம்புத் தோல் பர்ஸில் இருந்தால் செல்வம் பெருகும் என்பது எங்கள் நாட்டு நம்பிக்கை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் நம்பாதவர்களுக்கும் அது பலிக்கும் என்று கேள்வி.

அன்று மாலை நான் சமையலறையில் உதோன் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து மசுயோ கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க வாங்களேன். ரெண்டும் பின்னிக்கிட்டுக் கெடக்குதுங்க."

கிண்ணத்தோடு ஓடினேன். தைஷோவும் யுசுவும் முறுக்கிய வடம்போலக் கிடந்தன. யுசுவின் உடல் சிறு சிறு அலைகளாகத் துடித்துக்கொண்டிருந்தது.

மசுயோ அப்பாவியாக என் முகத்தைப் பார்த்தாள். "காதலாங்க?"

இந்தக் கேள்வியை யாராவது தானாகக் கேட்க மாட்டார்களா என்று நான் எத்தனை ஆண்டுகளாகக் காத்திருந்தேன்! உதோன் ஊறித் தடித்து, கயிறாகி, கிண்ணத்தில் இருந்த ரசத்தையெல்லாம் குடித்து முடிக்கும் வரை விளக்கினேன். காதல் என்பது மூடநம்பிக்கை. இது வீரம். இது சுமோ. இது ஆண்மையின் இலக்கணம்.

"அப்ப இது மல்யுத்தம்?"

"சந்தேகமே இல்ல."

"யாருங்க ஜெயிக்கறாங்க?"

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். "யுசு கை ஓங்கியிருக்கு. ஆனா தைஷோ தோக்கற மாதிரி நடிக்கறான். கவனி. இது ரொம்பப் பழைய தந்திரம்."

"அப்படியா! தைஷோவுக்கு அவ்வளவு தந்திரமா?" என்றவள் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. யுசுவுக்கு அடிபட்டுவிடுமோ என்று அழுகிறாள் என நினைத்து, முதுகைத் தட்டி ஆறுதல் சொன்னேன்.

சில நாள் கழித்து, சனிக்கிழமை. நான் பள்ளியிலிருந்து திரும்பியபோது ஆறு பாய் அறைக்குள்ளிருந்து கடகடவென்று ஒரு சத்தம். கதவைத் திறந்தால், என் மேசைக்குப் பக்கத்தில் மசுயோவின் தையல் மெஷின். மெஷினுக்குப் பின்னால் மசுயோ. என் இலக்கண நூல்களின் மேல் ஒரு பூப்போட்ட துணி.

"இது என்ன?"

"திரைச்சீலைங்க."

"அது தெரியுது. இங்க என்ன பண்ற?"

"பகிர்ந்துக்கறேன்" என்றாள் நூலைப் பல்லால் கடித்தபடி. "பாம்பே ஒரே பெட்டில ஒத்துமையா இருக்குதுங்க. நாம மனுஷங்க. ஆறு பாய் ரெண்டு பேருக்குத் தாராளம். நீங்கதான் சொன்னீங்களே, கயிறுன்னா கத்தையாத்தான் வைக்கணும்னு."

"நான் படிக்கணும்."

"படிங்க. நான் மெதுவாத்தான் மிதிக்கறேன். அப்புறம் அடுத்த சனிக்கிழமை எங்க தையல் வகுப்புல நாலு பேரு வர்றோம்னாங்க. கூடம் இருட்டா இருக்குதாம்."

கடகடகட.

நாலு பேர், மசுயோவோடு ஐந்து. ஆளுக்கொரு பாய். எனக்கு ஒன்று மிஞ்சும். அதில் மேசை இருக்கிறது. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. சோறு போகட்டும், பதின்மூன்று தொகுதிகளையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், ஓர் எழுத்துகூட இறங்கவில்லை. அகராதியா, அறையா? ஓர் அறிஞனின் வாழ்வில் இவ்வளவு கொடூரமான கேள்வி எழக் கூடாது. கடைசியில், அறை இல்லாத அகராதி வீட்டை இழந்த நத்தை என்று முடிவுக்கு வந்தேன்.

மறுநாள் காலை கூடத்தில் தொண்டையைச் செருமினேன்.

"மசுயோ. பாம்புங்கள ஒண்ணா வைக்கக் கூடாது."

அவள் தேநீரைக் கீழே வைத்தாள். "ஏங்க? நல்லாத்தானே இருக்குதுங்க?"

"நல்லா இருக்கற மாதிரி தெரியும். அதுதான் ஆபத்து. ஒண்ணு மேல ஒண்ணு படுத்திருக்கறத பாத்தா அன்னியோன்னியம்னு தோணும். அன்னியோன்னியமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பெட்டில சூடான எடம் ஒண்ணுதான். அதுக்குப் போட்டி. பலசாலி அங்க படுத்துக்குது. மத்தது குளிர்ல கெடந்து, திங்காம, வாயத் தொறந்து சொல்லவும் தெரியாம இளைச்சுப் போவுது."

"நம்ம கொதாட்சு மாதிரி."

"சரியாச் சொன்ன!" என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

"அப்ப நீங்க மொதல்ல சொன்னது தப்பு?"

"தப்புன்னு சொல்ல முடியாது. அது முதல் பதிப்பு. இது திருத்திய பதிப்பு."

"பாம்புங்க கும்பலாத் தூங்கும்னீங்களே?"

"வேற வழி இல்லாம தூங்குதுங்க. ரயில்ல போறவங்க எல்லாரும் சொந்தக்காரங்களா?"

மசுயோ வெகுநேரம் யோசித்தாள். அல்லது யோசிப்பதுபோல இருந்தாள்.

"எப்பவுமே ஒண்ணா வைக்கக் கூடாதா?"

"எப்பவுமே."

"பெருசா இருந்தாத்தானே? குட்டியா இருந்தா சேத்து வைக்கலாமில்ல?"

"குட்டியா இருந்தா இன்னும் கண்டிப்பாக் கூடாது!" என்றேன். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் குரல் தானாக உயர்ந்தது. "ஒண்ண ஒண்ணு முழுங்கிடும். ஒரு பாம்புக்கு ஒரு பெட்டி. இதுல விதிவிலக்கே கெடையாது."

"மாத்திப் பேச மாட்டீங்களே? மூணாவது பதிப்பு வராதே?"

"வராது."

அவள் சுண்டு விரலை நீட்டினாள். பள்ளிப் பிள்ளைகள் செய்வது. நானும் என் சுண்டு விரலைக் கோத்தேன். இருவரும் கையை ஆட்டி, "பொய் சொன்னா ஆயிரம் ஊசி முழுங்கணும்" என்று பாடி, விரலை விடுவித்துக்கொண்டோம். ஐம்பது வயதைத் தாண்டியவன் செய்யத்தக்க காரியமா என்றால் இல்லைதான். ஆனால் மாலைக்குள் தையல் மெஷின் என் அறையிலிருந்து வெளியேறியது.

யுசு தன் பழைய பெட்டிக்குத் திரும்பியது. அகராதி அலமாரியிலிருந்து இறங்கியது. படுக்கையறையில், படுக்கைகளை மடித்து வைக்கும், ஆள் நுழையும் அளவுக்கு ஆழமான சுவர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் பதின்மூன்று தொகுதிகளையும் அடுக்கி, தள்ளுகதவை மூடினேன். ஆறு பாய் அறை முழுதாக என்னுடையது. நண்டுபோல நடந்தேன், ஆனால் சுதந்திர நண்டு.

மே மாதத்தில் தைஷோ பெருத்தான்.

"பாத்தியா?" என்றேன். "தனிப் பெட்டி. மன நிம்மதி. ஒடம்புல ஒட்டுது."

"ஆமாங்க. நல்லா ஒட்டியிருக்குது" என்றாள் மசுயோ. தினமும் பெட்டியருகில் போய் நின்று பார்த்தாள். மழைக்காலம் தொடங்குமுன் ஈரப் பாசி நிரப்பிய ஒரு டப்பாவைத் தைஷோவின் பெட்டிக்குள் வைத்தாள். எதற்கென்று கேட்டேன். "படுத்துக்க" என்றாள்.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு, மழை. அந்த டப்பாவை எட்டிப் பார்த்தேன். பாசிக்குள் வெள்ளையாக, நீள்வட்டமாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு என்னவோ இருந்தது. மசுயோ மதியத்துச் சோற்றுருண்டைகளை மறந்து அங்கே வைத்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவற்றைச் சுற்றித் தைஷோ சுருண்டு படுத்திருந்தான். எந்தத் தளபதியும் எந்தக் கோட்டையையும் அப்படிக் காவல் காத்திருக்க மாட்டான்.

"மசுயோ! தைஷோ முட்டை போட்டிருக்கான்!"

"ஆம்பளை முட்டை போடுமாங்க?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "நீங்கதான் படிச்சவரு."

குடையை எடுத்துக்கொண்டு நேராக ஓபயாஷியின் கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பின்னால், கழுத்தும் தோளும் எங்கே பிரிகின்றன என்று தெரியாத அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஓசு!" என்றார்.

"அதத்தான் கேக்க வந்தேன்!" என்றேன். "நாலு வருஷத்துக்கு முன்னாடியும் நீங்க இதையேதான் சொன்னீங்க. இப்ப முட்டை போட்டிருக்கு."

"எது?"

"ஓசு!"

"ஓசு!" என்று அவரும் மரியாதையாகத் தலை தாழ்த்தினார்.

கடைமணி அடித்தது. ஒரு பெண்மணி ஆமைத் தீனி வாங்க உள்ளே வந்தார். ஓபயாஷி வாசலைப் பார்த்து, கடை அதிர, "ஓசு!" என்றார். அந்தப் பெண்மணி எந்த வகையிலும் ஆண் அல்ல.

கல்லூரியில் கராத்தே பழகியவர்கள் ஒருவரையொருவர் கண்டால் "ஓசு!" என்பார்கள். வணக்கம் என்று பொருள். அந்த ஓசு வேறு, ஆண் என்னும் ஓசு வேறு. எழுத்து வேறு, வேர் வேறு, ஒலி மட்டும் ஒன்று. ஒலியொப்புமைச் சொற்கள் என்ற பாடத்தில் இதை நான் ஆண்டுதோறும் நடத்துகிறேன். தேர்விலும் கேட்கிறேன்.

"அன்னிக்கு," என்றேன் மெதுவாக, "நான் ஆணா பொண்ணான்னு கேட்டப்போ, நீங்க வாசலப் பாத்து..."

"யாரோ உள்ள வந்திருப்பாங்க, சார்" என்றார் ஓபயாஷி. பிறகு நெற்றியைச் சொறிந்தார். "ஆங், ஞாபகம் வருது. உங்க வீட்டம்மாதான். கார நிறுத்திட்டு வந்தாங்க. நான் வணக்கம் சொன்னேன். நீங்க 'நல்லது, ஆண்'னுட்டுப் பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டீங்க. எனக்கு ஒண்ணும் புரியல. அவங்க நின்னு கேட்டாங்க. பொண்ணு பாம்புன்னு சொன்னேன். 'பரவாயில்ல, அவருகிட்ட நானே பொறுமையாச் சொல்லிக்கறேன்'னாங்க. சொன்னாங்களா?"

நான் குடையைப் பார்த்தேன்.

"அப்புறம் சார், குட்டிங்களுக்கான பெட்டி எல்லாம் வந்தாச்சுன்னு சொல்லிடுங்க. குளிர்ல வச்சு எடுத்தா பாம்பு ஜோடி சேருமான்னு கேட்டப்பவே, புத்தாண்டுக்கே, சொல்லி வச்சாங்க, எனக்குத்தான் லேட்டாயிடுச்சு."

புத்தாண்டு ஜனவரியில் வருகிறது. என் அற்புதமான யோசனை பிப்ரவரியில் வந்தது.

வழி நெடுக யோசித்துக்கொண்டு நடந்தேன். சில மொழிகளில் வினைச்சொல்லின் வாலைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாமாம். பேசுகிறவர் எவ்வளவு தந்திரக்காரராக இருந்தாலும் வால் காட்டிக் கொடுத்துவிடும். எங்கள் மொழியில் வினைக்கு வால் உண்டு, பால் இல்லை. தைஷோ தின்றது, தைஷோ தூங்கியது, தைஷோ பெருத்தது என்று ஒருவர் நாலு வருடம் பேசினாலும் பிடிபட மாட்டார். பாம்பிலாவது வாலைப் பார்த்தால் பால் தெரியும். ஆணுக்கு வால் நீளம், பெண்ணுக்குக் குட்டை. முப்பது ஆண்டுகளாக வால்களையே ஆராய்ந்து வருகிற நான், கூடத்தில் கிடந்த இரண்டு வால்களை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பாம்புக்குப் பால் வார்த்தவர்கள் ஏமாந்த கதைகள் நிறைய உண்டு. பாம்பின் பாலிலேயே ஏமாந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மசுயோ கூடத்தில் குளிர்ந்த உதோனை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"நீ நாலு வருஷமா எங்கிட்டப் பொய் சொல்லியிருக்க!"

"நானா? ஒரே ஒரு பொய் சொல்லுங்க பாப்போம்."

யோசித்தேன். யுசுவைப் பையன் என்றாள், பையன்தான். பாம்பு தனியாக இருக்கும் ஜென்மம் என்றாள்; ஆம். சேர்த்து வைக்க வேண்டாம் என்றுகூடச் சொன்னாள்.

"நான் காதலான்னு கேட்டேன்" என்றாள். "மல்யுத்தம்னு நீங்கதான் சொன்னீங்க."

"நான் தைஷோவ ஆண்னு சொன்னப்பல்லாம் நீ திருத்தியிருக்கலாமில்ல?"

"உங்களத் திருத்தறதா? நீங்கதான் ஊரையே திருத்தறீங்க. நடுவுல நான் எப்படிங்க?"

"சரி, எத்தன முட்டை?"

"பதினாலு. எல்லாம் நல்ல முட்டை."

"பதினாலா!" குடையோடு அப்படியே உட்கார்ந்தேன். "அது... பொரிச்சு வர்றது பென்சில் தடிமன் இருக்குமா? சின்னஞ்சிறுசுங்க. ஒரே பெரிய பெட்டியாப் பாத்து, எல்லாத்தையும் ஒண்ணா..."

மசுயோ சாப்பிடுகிற குச்சிகளை வைத்துவிட்டு வலது கைச் சுண்டு விரலை நீட்டினாள். இன்னொரு கையால் தையல் மெஷினைக் காட்டினாள். அதன் மேல் ஊசி டப்பா இருந்தது.

"ஆயிரம் இருக்குதான்னு எண்ணல" என்றாள். "கொறஞ்சா வாங்கிக்கலாம்."

"எங்க வைக்கறது, அத்தன பெட்டிய?"

"வெயில் நேரா விழாத எடமா இருக்கணும். சத்தம் கூடாது. யாரும் நடமாடக் கூடாது." அவள் எங்கே பார்க்கிறாள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. தேவை இருக்கவில்லை. "ஏதாவது ஆச்சுன்னா முழுப் பொறுப்புன்னு சொன்னீங்க. ஆயிடுச்சு, இல்லீங்களா?"

பர்ஸில் வைத்த தோல் பலித்துவிட்டது. செல்வம் பெருகியது. பிள்ளைகளையும் செல்வம் என்றே சொல்வது எங்கள் ஊர் வழக்கம்.

ஆகஸ்டில் எல்லாம் பொரித்தன. உதோன் இழைகளுக்குக் கண் வைத்ததுபோல இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மசுயோ ஒரு பெயர் வைத்தாள். கவிஞர்களின் பெயர்களை நான் பரிந்துரைத்தேன், அவள் ஊறுகாய்களின் பெயர்களை வைத்தாள். பதினாலு பெட்டிகள், சூட்டுத் தகடுகள், தண்ணீர்க் கிண்ணங்கள், எலிகளை உறைய வைக்கும் ஒரு சிறு குளிர்ப்பெட்டி எல்லாம் ஆறு பாய் அறையில் அமர்ந்தன. தையல் வகுப்புப் பெண்கள் சனிக்கிழமைகளில் வந்து எட்டிப் பார்த்து, "எவ்வளவு அமைதியான அறை!" என்று வியக்கிறார்கள்.

என் மேசை அங்கே கொள்ளவில்லை. படுக்கைகளை வைக்கும் சுவர்ப்பெட்டியின் மேல்தட்டைக் காலி செய்து, ஒரு பலகையும் விளக்கும் பொருத்தி, மசுயோவே ஏற்பாடு செய்து கொடுத்தாள். கீழ்த்தட்டில் அகராதி இருப்பதால் குனிந்து எடுத்துக்கொள்ள வசதி. குளிர்காலத்துக்கு, மிஞ்சிய சூட்டுத் தகடு ஒன்றையும் விரித்துத் தந்தாள். உள்ளே உட்கார்ந்து தள்ளுகதவை மூடிக்கொண்டால் ஒரு சத்தமும் கேட்பதில்லை. ஒன்றாம் தொகுதியைப் பாதி முடித்துவிட்டேன்.

குட்டிகளின் பெட்டிகள் எல்லாவற்றிலும் மசுயோவின் கையெழுத்தில் ஓர் அட்டை உண்டு. என் தள்ளுகதவிலும் ஒன்று இருக்கிறது. பெயர் போடவில்லை. "ஓசு. தனியாக வைக்கவும்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. தண்ணீர் தினமும் காலையில் மாற்றப்படுகிறது.